நேராக இருந்த வெள்ளைக் கோடு

மேகமலையில் நான் வேலை பார்த்த எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பை மூடப்போகிறார்கள். இனிமேல் ஜீப்புகளைக் கீழே அனுப்பித்தான் வேலை பார்ப்பார்களாம். அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறிய மலர் போடுகிறார்கள். எனக்குக் கீழே வேலை பார்த்து, இன்று மூத்த மெக்கானிக்காக இருக்கும் பாண்டி போன் செய்தான்.

"அண்ணே, நீங்களும் ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. உங்களுக்குக் கோட்டு ஃபோர்மேன்னு எப்படிப் பேரு வந்துச்சுன்னு எழுதுனாப் போதும். பயலுக ஆசையாக் கேக்குறாய்ங்க."

எழுதித் தருகிறேன் என்றேன். அவன் எதிர்பார்க்கிற கட்டுரை இது அல்ல. என் கண்டிப்பைப் பற்றி நான்கு வேடிக்கைக் கதைகள் வரும், படித்துவிட்டுச் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பான். எனக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. ஆனால் போன மாதம் சுருளிப்பட்டியில் ஒரு வீட்டுப் போர்டிகோவில் நடந்ததற்குப் பிறகு அப்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவதில் தவறினேன். கம்பத்தில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் கிரீஸ் துடைத்தேன். மாமா ஒருவர் சிபாரிசில் மேகமலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

அங்கே எனக்கு ஃபோர்மேன் வேலாயுதம் அண்ணன். எங்களைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். "முருகேசு, வாங்க, இத என்னன்னு பாருங்க" என்பார். வேலை தப்பாக இருந்தால் திட்டமாட்டார். நாம் முறுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு தகர டப்பாவில் போட்டு, நம் காலடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

எஸ்டேட் ஜீப்புகளுக்குச் சீக்கு எல்லாம் கீழேதான். சின்னமனூரிலிருந்து மேலே வரும் பாதையும், டிவிஷனுக்கு டிவிஷன் போகும் பாறைத் தடமும் எந்த வண்டியையும் இரண்டு வருடத்தில் உட்கார வைத்துவிடும். உட்கார்ந்த வண்டியைத் தூக்கி நிறுத்துவதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. வண்டியின் பாரத்தைத் தாங்குவது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். அந்தப் பட்டைக் கட்டை, சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை இரண்டு யூ போல்ட்டுகள். போல்ட்டுக்கு இரண்டு நட்டு. சக்கரத்துக்கு நான்கு, வண்டிக்குப் பதினாறு.

பட்டை ஏற்றுகிற வேலையில் வேலாயுதம் அண்ணனுக்கு ஒரு முறை உண்டு. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் முட்டுக்கொடுத்து, ஆக்சிலை முழுக்கத் தொங்கவிடச் சொல்வார். பிரேக் எண்ணெய் போகும் ஹோஸில் பாரம் விழாமல் ஆக்சிலைக் கம்பியில் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கம்பியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அடுத்ததுதான் முக்கியம். புதுப் பட்டை ஏற்றிய அன்றைக்கு எவ்வளவு முறுக்கினாலும் அது போதாது. பட்டைகளுக்கு நடுவில் பெயிண்ட் இருக்கும், துரு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். பாரம் ஏற்றி ஓட்டினால் அதெல்லாம் நசுங்கி, பட்டைகள் படிந்து உட்காரும். கட்டு கொஞ்சம் மெலிந்துவிடும். நட்டு இம்மிகூடத் திரும்பியிருக்காது, ஆனாலும் பிடி போயிருக்கும். அதனால் கல் மூட்டை ஏற்றி, ஃபேக்டரி மேடுவரை இரண்டு நடை ஓட்டி, பாரத்தை இறக்காமலேயே ஸ்பேனரில் பைப்பைச் செருகிப் பதினாறையும் மறுபடி முறுக்க வேண்டும். அப்புறம்தான் கோடு.

கோடு என்றால், நட்டின் மேலும் அதன் கீழே உள்ள தகட்டின் மேலும் சேர்த்து இழுக்கிற ஒரு வெள்ளைப் பெயிண்ட் கீற்று. பின்னால் நட்டு கழன்று திரும்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பெயிண்ட் டப்பா அண்ணனின் மேஜையில்தான் இருக்கும். இரண்டாவது தடவை முறுக்கியவன் மட்டும்தான் அதை எடுக்கலாம். எடுத்தால் அவர் எதுவும் கேட்கமாட்டார். டப்பாவைத் தொட்டாலே, முறுக்கிவிட்டேன் என்று சத்தியம் செய்த மாதிரி.

எனக்கு முப்பது வயது நடந்தபோது மேல் டிவிஷனுக்குப் புதிதாகத் தடம் வெட்டினார்கள். ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் பாறையில் வயிறு தட்டியது. மேனேஜர், வண்டியை உயர்த்துங்கள் என்றார். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்கி, ஹோஸ் மாற்றி, மூன்று நாளில் நானே முடித்தேன். நல்ல வேலை. சனிக்கிழமை மதியம் முதல் முறுக்கு முடிந்தது. திங்கட்கிழமை காலையில் வண்டியில் ஆள் ஏற வேண்டும்.

கல் மூட்டை ஏற்றி இரண்டு நடை ஓட்டித் திரும்பி வந்தபோது மணி மூன்றாகிவிட்டது. கீழே போகும் வண்டி மூன்றரைக்கு. அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான். கூடலூரில் என் மச்சான் வீட்டில் அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் கெடா வெட்டு. ஒரு வாரமாக அதே நினைப்பாக இருந்தேன். பதினாறு நட்டை முறுக்க அரை மணி நேரமாவது ஆகும். மதியம் அவ்வளவு முறுக்கியிருக்கிறோமே, எங்கே போய்விடப்போகிறது என்று தோன்றியது. அண்ணனின் மேஜைக்குப் போய் டப்பாவை எடுத்தேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி நோட்டுக்குள் குனிந்துகொண்டார்.

பதினாறு கோடும் சுத்தமாக, நேராக இழுத்தேன். மூட்டையை இறக்கிவிட்டு வண்டியைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஜீப்பை ஓட்டியவர் சவரிமுத்து அண்ணன். சுருளிப்பட்டிக்காரர். மலையில் அவரைப் போல் நிதானமான டிரைவர் கிடையாது. பின்னால் பன்னிரண்டு பெண்கள். மூன்றாவது வளைவில் வண்டி சட்டென்று இடது பக்கம் இழுத்தது. தேயிலைச் சரிவில் இறங்கி ஒரு சில்வர் ஓக் மரத்தில் போய் மோதி நின்றது. பதினோரு பேருக்குச் சிராய்ப்பு. பேச்சியம்மா என்கிற பெண்ணின் கால் மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது.

வண்டியை இழுத்து வந்து ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். இடது முன்பக்க ஆக்சில் ஒரு சாண் பின்னால் தள்ளியிருந்தது. பட்டைகளின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் கத்தரித்த மாதிரி முறிந்திருந்தது. யூ போல்ட்டின் பிடி தளர்ந்தால் அத்தனை பாரமும் அந்தச் சின்ன போல்ட்டின் மேல் விழும், அது தாங்காது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மரத்தில் மோதினாலும் ஆக்சில் அதே மாதிரிதான் தள்ளும், போல்ட் அதே மாதிரிதான் முறியும். எது முதலில் நடந்தது என்று இரும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வேலாயுதம் அண்ணன் குனிந்து நட்டுகளைப் பார்த்தார். கோடு நான்கும் இழுத்தபடியே நேராக இருந்தன. என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ரெண்டாந் தடவ முறுக்குனீகளா, முருகேசு?"

"முறுக்கிட்டேண்ணே."

அதற்குமேல் கேட்கவில்லை. மேனேஜரிடம் போய், எங்கள் வேலையில் குறை இல்லை, போல்ட் மோதியதில் முறிந்திருக்கிறது என்றார். தன் வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய்யை அவர் பொய் என்று தெரியாமலே சொன்னார். என்னை நம்பிச் சொன்னார்.

சவரிமுத்து அண்ணன் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றார். "வண்டி இழுத்துச்சு சார். நான் ஸ்டியரிங்க ஒடிக்கல. தானா இழுத்துச்சு" என்றார். எல்லோருக்கும் முன்னால் வேலாயுதம் அண்ணன் அவரைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க சவரி" என்று காட்டினார். அவர் மண்டியிட்டுப் பார்த்தார். கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார். எழுந்திருக்கும்போது அவர் முகம் மாறிவிட்டது. "கோடு நேராத்தான இருக்கு" என்றார். "அப்ப நான்தான் ஒடிச்சிருப்பேன் போல."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். கையில் கிரீஸ் துணி இருந்தது. அதில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். குடும்பத்தோடு லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கினார். பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கம்பி இழுக்கிற வேலைக்குப் போனார். பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்காரமாட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து வேலாயுதம் அண்ணன் ஓய்வு பெற்றபோது என்னைத்தான் ஃபோர்மேனாக்கச் சொன்னார். அடுத்த வருடமே இறந்தும் போனார். பெயிண்ட் டப்பா என் மேஜைக்கு வந்தது. பாண்டி, உங்களுக்கெல்லாம் தெரியும், டப்பாவை எடுக்க வருகிறவன் பின்னாலேயே நான் போவேன். கூட நின்று பதினாறையும் பார்ப்பேன். ஒருத்தனையும் நம்பமாட்டேன். இந்த ஆளுக்கு எவ்வளவு கண்டிப்பு என்றீர்கள், கோட்டு ஃபோர்மேன் என்றீர்கள். நான் உங்களை நம்பாததற்குக் காரணம், டப்பாவை எடுத்த கை எப்படிப் பொய் சொல்லும் என்பதை நான் அறிந்திருந்ததுதான். அந்தப் பட்டப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். இருந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கம்பத்தில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர். பெயர் ஜெயமேரி. சவரிமுத்து அண்ணனின் மகள். குமுளி மேட்டில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், அதற்காக ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறார். வண்டியை உயர்த்தப் புதுப் பட்டைகள், ஷாக் அப்சார்பர், யூ போல்ட், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாம் பெட்டியில் வந்து இறங்கிவிட்டன. ஏலக்காய் சீசன் என்பதால் கம்பத்துப் பட்டறைகளில் எல்லாம் எஸ்டேட் ஜீப்புகள் வரிசையில் நிற்கின்றன. வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார்.

"போன்ல வீடியோ பாத்துப் பாதி கத்துக்கிட்டேன் சார். நீங்க பக்கத்துல நின்னாப் போதும். அப்பாதான் உங்களச் சொன்னாக. முருகேசு கைபட்ட வண்டி தப்பாப் போகாதுன்னாக."

முழங்கால் வலி என்றேன். நாற்காலி போடுகிறேன் என்றார். ஊருக்குப் போகிறேன் என்றேன். வந்த பிறகு செய்யலாம் என்றார். போனேன்.

சவரிமுத்து அண்ணன் போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. மெலிந்துவிட்டார். "வா தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பி இழுத்துக் காய்த்துப்போன கை. நான் சீக்கிரம் விடுவித்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. ஜெயமேரிக்கு நல்ல கை. ஆக்சிலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார், ஸ்டியரிங்கைத் திருப்பி ஹோஸில் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்ததாம். ஞாயிறு மாலை பதினாறையும் முறுக்கி முடித்தோம். அவர் உள்ளே போய் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்தார்.

"கோடு போட்டாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அப்பா சொல்வாக" என்று சிரித்தார்.

இப்போது போடக்கூடாது, பாரம் ஏற்றி ஓட்டி மறுபடி முறுக்கிய பிறகுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெரியவர் ஏன் என்று கேட்பார். பட்டை படிவது, பிடி தளர்வது, எல்லாம் பேச வேண்டிவரும். கோடு நேராக இருந்தாலும் கட்டு தளர்ந்திருக்கும் என்கிற பேச்சு வரும். நான் வாயைத் திறக்கவில்லை. மகள் பதினாறு கோடும் இழுத்தார். அப்பா பார்த்துத் தலையாட்டினார். "திங்கள், செவ்வா பள்ளிக்கூடம் விட்டு வந்து எரு மூட்டை ஏத்தி ஓட்டுறேன். வியாழக்கெழம லீவு, ஆளுகள ஏத்திட்டு மேல போறேன்" என்றார் ஜெயமேரி.

வியாழக்கிழமை ஆள் ஏறுவதற்கு முன்னால், புதன்கிழமை காலையில் ஜெயமேரி பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரம் பார்த்து, பையில் ஸ்பேனரும் பைப்பும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட்டும் போட்டுக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். நானாக ஒப்புக்கொள்ளப் போனேன் என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. யாரும் பார்க்காமல் முறுக்கிவிட்டு, கோட்டையும் புதிதாகத் தீட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். இந்த வயதிலும் என் புத்தி அப்படித்தான் போனது.

வண்டி எரு மூட்டையோடு நின்றிருந்தது. பெரியவர் சர்ச்சுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தரையில் சாக்கை விரித்துப் படுத்து, இடது முன்சக்கரத்து முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். பைப்பைப் பிடித்து அழுத்தினேன். கால் சுற்றுக்குமேல் திரும்பியது. வெள்ளைக் கோடு இரண்டாக முறிந்தது.

"அது எப்படிச் சுத்துது?"

திரும்பிப் பார்த்தேன். சவரிமுத்து அண்ணன் எனக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கோடு நேராத்தான இருந்துச்சு? காலையில நானும் பாத்தேனே. அப்ப நட்டு எப்படிச் சுத்துது?"

"பட்டை படிஞ்சா பிடி விட்டுப்போகும்ணே. நட்டு திரும்பாது. கோடு அப்படியேதான் இருக்கும். அதுக்குத்தான் ரெண்டாந் தடவ முறுக்குறது."

அவர் முறிந்த கோட்டையே பார்த்தார். நான் சாக்கில் படுத்தபடியே இருந்தேன். எழுந்திருக்கத் தைரியம் இல்லை.

"அன்னைக்கு நீ முறுக்கல" என்றார்.

"முறுக்கலண்ணே."

"எதுக்கு?"

இருபத்தெட்டு வருடமாக இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மேனேஜர் அவசரப்படுத்தினார், உடம்புக்கு முடியவில்லை, மறந்துபோனேன் என்று. அவர் கண்ணைப் பார்த்ததும் நடந்ததையே சொன்னேன்.

"மச்சான் வீட்ல கெடா வெட்டு. வண்டியப் பிடிக்கணும்னு போயிட்டேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "கறி நல்லா இருந்துச்சா?"

அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் சொல்கிறாரா, வண்டியிடம் சொல்கிறாரா என்று தெரியாத மாதிரி பேசினார். "வருசா வருசம் கிறிஸ்மஸுக்குப் பேச்சியம்மா வீட்டுக்குப் போவேன். காலப் பாத்து அழுவேன். 'விடுங்கண்ணே, வேணும்னா செஞ்சீக'ன்னு அதுதான் என்னயத் தேத்தும். போன வருசம் செத்தும் போச்சு. சாமியார்ட்ட எத்தன தடவ பாவசங்கீர்த்தனம் பண்ணிருக்கேன் தெரியுமா? பொம்பளப் பிள்ள கால எடுத்துட்டேன் சாமின்னு. அவரும் மன்னிப்புக் குடுத்தாரு. மறுபடி போய் அதையே சொல்லுவேன். நான் செய்யாத பாவத்துக்கு."

காலில் விழலாம் என்று எழுந்தேன். "வேணாம்" என்று கையைக் காட்டினார்.

"வேலாயுதம் ஃபோர்மேன் அங்கன எல்லாரு முன்னாடியும் வச்சுத்தான் என்னயப் பாக்கச் சொன்னாக. நீயும் எல்லாரு முன்னாடியும் வச்சுச் சொல்லணும். என்ட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு பாக்காத."

சொல்கிறேன் என்றேன். பாண்டி, அதனால்தான் இந்தக் கட்டுரை. அதனால்தான் ஒரு வரியைக்கூட எடுக்காமல் போடச் சொல்கிறேன். மலர் வந்ததும் முதல் பிரதியைச் சுருளிப்பட்டிக்கு அனுப்புங்கள். எனக்கு வேண்டாம்.

அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், ஸ்பேனரைப் பைக்குள் வைக்கப் போனேன்.

"எங்க போற?" என்றார். "இன்னும் பதினஞ்சு இருக்கு. முறுக்கு. எம் மக ஏறுற வண்டி."

மறுபடி சாக்கில் படுத்தேன். ஒவ்வொன்றாக முறுக்கினேன். ஒவ்வொன்றும் திரும்பியது. கண்ணில் வேர்வையோ என்னவோ, நட்டே சரியாகத் தெரியவில்லை. அவர் நாற்காலியைச் சக்கரம் சக்கரமாக நகர்த்திக்கொண்டு கூடவே வந்தார். முடித்து எழுந்து, பழைய கோடுகளைத் துணியால் துடைத்துவிட்டு, பையிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தேன்.

"அது வேணாம்" என்றார்.

என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நான் படுத்திருந்த சாக்கிலேயே படுத்தார். முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் தன் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததற்குப் போனார். பதினாறையும் அவரே இழுத்துப் பார்த்து முடிக்கும்வரை நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.